டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை எதுக்கு வீடு வீடாப் போகணும்?



ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். பதிவு நீளம்தான். வேலை முடித்து உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கழுகுமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். என் தம்பி மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது தம்பி மனைவி என்னிடம் ஆவலாதி சொன்னாள்.

"மதினி, நீங்களே சொல்லுங்க. ராத்திரி பகலா முழிச்சுப் படிச்சு, நீட் எழுதி சீட்டு வாங்கியிருக்கா. இப்ப என்னடான்னா காலேஜ் பஸ்ல ஏத்திட்டுப் போயி ஒரு பட்டிக்காட்டுல இறக்கி விடுறாங்களாம். வீட்டுல எத்தனை பேரு, தண்ணி எங்க பிடிக்கிறீங்க, கக்கூஸ் இருக்கான்னு வீடு வீடாக் கேட்டு எழுதிட்டு வரணுமாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை எதுக்கு வீடு வீடாப் போகணும்? கணக்கெடுக்கத்தான் டீச்சர்மாரு நீங்க இருக்கீங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 1991, 2001, 2011 என்று மூன்று முறை மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு வெயிலில் நடந்தவள் ஆயிற்றே நான். விசேஷ வீட்டில் பாடம் நடத்த வேண்டாம் என்று அப்போது பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம், 2020-இல் இதே மாதிரி ஒரு கேள்விக்கு நான் தப்பான பதில் சொன்னவள்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 24 மாலை 6 மணியோடு கடைகள் அடைத்தன. நம் ஊர் பஸ் ஸ்டாண்டை அப்படி வெறிச்சோடி நான் பார்த்ததே இல்லை. நம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த ஏப்ரல் 30-ஆம் தேதிதான். ஊரே கொண்டாட வேண்டிய செய்தியை அவரவர் வீட்டுக்குள் இருந்து டி.வி.யில் பார்த்தோம்.

அந்த ஏப்ரல் மாதத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். மகளை எட்டாம் வகுப்பு வரை நான் படிக்க வைத்தேன். 2015-இல் பிளஸ் டூ மார்க்கிலேயே அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிய பிள்ளை. 2020-இல் படிப்பு முடிந்து ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்திருந்தாள். பெயரும் கல்லூரியும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அதற்குச் சில நாள் முன்னால்தான் சென்னையில் அந்தக் கொடுமை நடந்திருந்தது. தொற்று வந்து இறந்துபோன ஒரு நரம்பியல் மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல், ஆம்புலன்சின் மேல் கல்லெறிந்து விரட்டினார்கள். பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்பிய எந்தத் தாய்க்கும் அன்று தூக்கம் வந்திருக்காது.

"டீச்சர், இவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திரட்டுமா? ஊர் ஊராக் காய்ச்சல் பார்க்கப் போகச் சொல்லுவாங்களாம். ஒத்தப் பிள்ளை டீச்சர்."

நான் யோசிக்கவே இல்லை. "வரச் சொல்லும்மா. உசுரு இருந்தாத்தான் வேலை" என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையே பேசினாள். கோபப்படவில்லை. "டீச்சர், எங்க மேடமும் எங்க கூடவே வாராங்க. அவங்களுக்கு ரிட்டையர் ஆகுற வயசு, சுகர் வேற இருக்கு. அவங்களே வரும்போது நான் வர மாட்டேன்னு எப்படி டீச்சர் சொல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. "பார்த்து இரும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊரடங்கில் வேறு வேலை இல்லாததால், இப்படி மாணவர்களைக் கொள்ளைநோய்க் காலத்தில் வெளியே அனுப்புவது இதற்கு முன்னால் நடந்திருக்கிறதா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

சமூக அறிவியலில் நான் உங்களுக்கு நடத்திய ஒரு பாடம் ஞாபகம் இருக்கிறதா? "மக்கள் தொகைப் பெரும் பிரிவினை ஆண்டு எது?" 1921. இரண்டு மார்க் கேள்வி. 1911-இல் 25.21 கோடியாக இருந்த இந்திய மக்கள் தொகை 1921-இல் 25.13 கோடியாகக் குறைந்தது. நாட்டின் மக்கள் தொகை ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது அந்த ஒரு முறைதான். "பஞ்சம், போர், கொள்ளைநோய்" என்று காரணம் சொல்லி, அடிக்கோடு போடச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்தக் கொள்ளைநோய் என்ன என்று 2020-இல்தான் உட்கார்ந்து படித்தேன்.

அதுதான் 1918-இன் இன்ஃப்ளுயன்சா. அந்த ஜூன் மாதம் கப்பல் வழியாகப் பம்பாய்க்கு வந்தது. செப்டம்பரில் இரண்டாவது அலை எழுந்து ரயில் பாதை போன இடமெல்லாம் போனது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 2 கோடி பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் அரசு மருத்துவர்களில் பலரைப் பட்டாளத்தோடு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுக்கக்கூட ஆள் இல்லாத வீடுகள் நிறைய.

போருக்கு மருத்துவர்களை அனுப்பிவிட்டுத் தவித்தது நம் நாடு மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்திலும் அதே நிலைதான். 1918 செப்டம்பர் 28 அன்று போர்க் கடன் பத்திரத்துக்காக அங்கே ஒரு பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். தெருவில் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். அடுத்த ஆறு வாரத்தில் அந்த ஒரு நகரத்தில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ வகுப்புகளை நிறுத்தி, மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள்.

அவர்களில் ஒருவர் ஐசக் ஸ்டார். பின்னாளில் பெரிய இதய ஆராய்ச்சியாளர் ஆனவர். 58 வருடம் கழித்து, 1976-இல், அந்த நாட்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் அந்த நோய் பற்றி அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விரிவுரை. இடிப்பதற்காகக் காலி செய்திருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அவசரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். சாயங்காலம் 4 மணியிலிருந்து நடுராத்திரி வரை அவர் முறை. போனது நர்ஸ் வேலைக்கு. மருத்துவர்கள் எட்டிப் பார்க்கவே நேரமில்லாமல் இருந்ததால், மருத்துவர் செய்ய வேண்டியதும் இவர்கள் தலையில் விழுந்தது. நேற்று பார்த்த முகம் இன்று கட்டிலில் இருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு 1979 ஞாபகத்துக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். முறைப்படி நான் பாடம் நடத்தும்போது வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பாடக் குறிப்பில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று அவர் வரவில்லை. ஆள் இல்லாததால் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் சேர்த்து என்னிடம் விட்டுவிட்டார்கள். பதினோரு மணிக்கு ஒரு பையனுக்கு வலிப்பு வந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதிய உணவு சமைக்கிற ஆச்சி ஓடிவந்து, அவனை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்துக் காப்பாற்றினார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று நான் பயிற்சிக்குப் போனவள் இல்லை, ஆள் பற்றாக்குறைக்குப் போனவள் என்பது இன்று வரை மறக்கவில்லை.

ஐசக் ஸ்டாருக்கும் கடைசி பெஞ்சில் யாரும் இல்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சம்பவம் படித்தேன். இது உலகம் முழுக்கப் பரவிய நோய் இல்லை, ஒரு நகரத்தைத் தாக்கிய இளம்பிள்ளை வாதம். 1952, டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன். பிளெக்டம் என்ற தொற்றுநோய் மருத்துவமனையில் மூச்சு விட முடியாத பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். மூச்சுக்கு உதவும் கருவிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருந்தன. முதல் மூன்று வாரத்தில் அந்தக் கருவிகளில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள்.

பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி நுரையீரலுக்குக் காற்றை அனுப்புவது. ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்தார்கள். பிழைத்தாள். சரி, இரவும் பகலும் வாரக்கணக்கில் பையை அமுக்க ஆள் எங்கே? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய 1,500 பேர் முறை வைத்து வந்தார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் பையை அமுக்கியதாகக் கணக்கு. இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. இன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிற ஐ.சி.யூ. அங்கேதான் பிறந்தது என்கிறார்கள்.

அங்கே ஒரு மாணவன் செய்தது ஒரே ஒரு வேலை. அதை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்துத்தான் உட்கார வைத்தார்கள். சந்தேகம் வந்தால் கேட்க மயக்க மருந்து மருத்துவர் வார்டில் இருந்தார். பலர் தினமும் அதே பிள்ளையிடம் போய் உட்கார்ந்தார்கள். கையால் பையை அமுக்கிக்கொண்டே அந்தப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டினார்கள்.

இந்த இரண்டும் ஆஸ்பத்திரிக்குள் நடந்தவை. தம்பி மனைவி கேட்டது ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஊருக்குள் போவதைப் பற்றி. அது நம் நாட்டில் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1943-இல் ஜோசப் போர் என்பவர் தலைமையில் வெள்ளைக்கார அரசு ஒரு சுகாதாரக் குழுவை அமைத்தது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். பிறந்த 1,000 குழந்தைகளில் 160-க்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போன காலம் அது. எங்கள் ஆச்சி எட்டுப் பெற்று மூன்றை வளர்த்தவர். அந்தக் கணக்கு எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியது இல்லை. குழந்தைகள் செத்தது பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் அல்ல. தண்ணீரால், கொசுவால், அம்மையால், பேதியால்.

1946-இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. மருத்துவ மாணவர் எல்லாரும் மூன்று மாதம் நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவத்தில் பயிற்சி எடுக்க வேண்டும், ஊருக்கு வேண்டியது சமூக மருத்துவர் என்று சொன்னது. கட்டிலில் வந்து படுத்தவரை மட்டும் பார்க்கிற மருத்துவர் பாதி மருத்துவர்தான் என்பது அதன் உட்பொருள். நம் மாகாணத்தில் இந்த எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. பொதுச் சுகாதாரத்துக்கு என்று தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதலில் வந்தது 1939-இல், சென்னை மாகாணத்தில்தான்.

பிறகு 1975-இல் ஸ்ரீவாஸ்தவ் குழு அறிக்கை வந்தது. 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. வந்த வேகம் பல இடங்களில் நிலைக்கவில்லை. ஆனால் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் சமூக மருத்துவத்துக்கு என்று இரண்டு மாதம் ஒதுக்கும் விதி நின்றது. என் மாணவி 2020-இல் ஊருக்குள் போனது அந்த விதிப்படிதான். கொரோனாவுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

அவள் முறை ஜூலையில் வந்தது. அதிர்ஷ்டமோ என்னவோ, நம் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலேயே விழுந்தது. காய்ச்சல் முகாம். வந்தவர்களுக்குக் காய்ச்சல் பார்ப்பது, விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்ப்பது, சுகர், பிரஷர் உள்ளவர் பட்டியல் எழுதுவது, தொற்று வந்தவர் யார் யாரோடு பழகினார் என்று கேட்பது.

முதல் மூன்று நாளும் முகாமுக்கு வந்தது கிழவன் கிழவிகள் மட்டும். "இந்த ஊரில் வேலை செய்கிற வயசில் யாருக்குமே காய்ச்சல் இல்லையா?" என்று கூட வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். இவள் சிரித்திருக்கிறாள். "மேடம், முகாம் பத்து மணிக்கு. தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையிலயே வந்திரும். காய்ச்சல்னு சொன்னா அன்னைக்குக் கூலி போயிரும். எங்க அம்மாவும் மாத்திரையைப் போட்டுட்டு வேன்லதான் ஏறுவாங்க." அந்த மேடம் மறுநாளே முகாமைச் சாயங்காலம் வேன் திரும்புகிற நேரத்துக்கு மாற்றினார். அன்று வரிசையில் இளவட்டங்களும் பெண்களும் நின்றார்கள். காய்ச்சல்காரரும் கிடைத்தார்கள்.

ஒரு நாள் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா. "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி" என்று கலகலப்பாகப் பேசினாராம். விரலில் மாட்டிப் பார்த்தால் 86. 94-க்குக் கீழே போனாலே ஆபத்து. கருவிதான் கோளாறோ என்று தன் விரலில் மாட்டிப் பார்த்திருக்கிறாள், 98. உடனே மேடத்திடம் சொல்லி, 108-ஐ வரவழைத்து அனுப்பிவிட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பிறகு வேறோர் இடத்தில் ஒரு வாரம், பெரியவர்கள் யாரும் வராமல் மாணவர்களை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். கையுறையும் போதவில்லை. அந்த வாரம்தான் அவள் பயந்தது. "நோய்க்குப் பயப்படல டீச்சர். தப்பாச் சொல்லிருவேனோன்னுதான் பயந்தேன்" என்றாள். மாணவர்கள் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்த பிறகு நிலைமை சரியானது.

அடுத்த வருடம், 2021 மே 3 அன்று, இரண்டாவது அலையின் உச்சத்தில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஹவுஸ் சர்ஜன்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கொரோனா பணிக்கு எடுக்கலாம். இறுதியாண்டு மாணவர்கள் தொலைபேசி வழியாக ஆலோசனை சொல்லலாம், லேசான நோயாளிகளைக் கண்காணிக்கலாம். முதுநிலை நீட் தேர்வு குறைந்தது நான்கு மாதம் தள்ளிப்போகும். 100 நாள் கொரோனா பணி முடித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை. அந்த அறிவிப்பில் நான் அடிக்கோடு போட்டது 'மேற்பார்வையில்' என்ற சொல்லுக்கு. காகிதத்தில் எழுதிவிடலாம். கடைசி பெஞ்சில் ஆள் உட்கார்ந்தாரா என்பதை அந்தந்த ஊரில்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பிள்ளை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது அந்தத் தாத்தா பிழைத்தாரா என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"தெரியாது டீச்சர். மறுநாளே எங்களை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பேரும் வீட்டு நம்பரும் எழுதி வச்சிருந்தேன், போய்ப் பார்க்க முடியல. இப்பவும் யாராவது வெத்தலை இடிக்கிற சத்தம் கேட்டா அவர் ஞாபகம் வந்திரும்."

அதனால்தான் இந்தப் பதிவு. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில்தான் நம் வீட்டுப் பிள்ளை இப்போது ஊருக்குள் போகிறாள். முதல் ஆண்டிலேயே ஒரு மாணவருக்கு மூன்று முதல் ஐந்து குடும்பம். ஒரு நாள் போய்விட்டு வருவது இல்லை. படிக்கிற காலத்தில் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். முதல் தடவை தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டவள், அடுத்த தடவை அந்த வீட்டுப் பாட்டிக்குச் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்பாள். அதற்கடுத்த தடவை பேறுகாலம் முடிந்த மருமகளுக்கு ரத்தம் எவ்வளவு என்று பார்ப்பாள். நாளைக்கு இன்னொரு கொள்ளைநோய் வந்தால், எந்த வீட்டுக் கதவு எந்த நேரம் திறந்திருக்கும் என்று தெரிந்தவளாகப் போவாள். என் மாணவிக்கு அது தெரிந்தது அவள் தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பார்த்து வளர்ந்ததால். நம் பிள்ளைகள் எல்லாரும் அப்படி வளரவில்லை. போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே தம்பி மனைவிக்கு என் பதில் இதுதான். போகட்டும் தாயி. போகவேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் அவள் வீட்டுக்கு வரும்போது இரண்டு கேள்வி கேள். "உங்க கூட சார், மேடம் யாராவது வந்தாங்களா? போன தடவை பார்த்த வீட்டுக்கு இந்தத் தடவையும் போனீங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவள் படிக்கிறாள் என்று அர்த்தம். இல்லை என்றால், தம்பியைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய்க் கேள். நானும் கூட வருகிறேன்.

2020 ஏப்ரலில் "வரச் சொல்லும்மா" என்று நான் சொன்னதற்கு அந்தத் தாயிடம் இந்தப் பொங்கலுக்குத்தான் வருத்தம் தெரிவித்தேன். "விடுங்க டீச்சர், நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த கடலை மிட்டாயைக் கையில் கொடுத்தார்.

 என்னிடம் படித்து மருத்துவர், செவிலியர், சுகாதார ஆய்வாளர், லேப் டெக்னீசியன் ஆனவர்கள் யாராவது அந்த இரண்டு வருடத்தில் ஊருக்குள் போயிருந்தால், எந்த ஊர், என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். கண்ணாடி மாற்றியிருக்கிறேன், எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

அன்புடன்
உங்கள் டீச்சர்
கோவில்பட்டி